பெயரை மாற்றினால் பயனர்கள் வருவார்களா?

வாசகர் கேள்வி: இரண்டரை ஆண்டுகளாக ஒரு திறந்த மூல மென்பொருளை (நிரலை யாரும் பார்க்கவும் மாற்றவும் கூடியது) எழுதிப் பராமரித்து வருகிறேன். அட்டவணையில் ஒரே ஆளின் விவரம் வெவ்வேறு எழுத்துக்கூட்டலில் இரண்டு மூன்று முறை பதிவாகியிருந்தால், அதைக் கண்டுபிடித்து ஒன்றாக்கித் தரும் பைதான் நூலகம் அது; மற்ற நிரலாளர்கள் தங்கள் நிரலில் சேர்த்துக்கொள்வது. பயன்படுத்தியவர்கள் நன்றாக இருக்கிறது என்கிறார்கள். ஆனால் அவர்கள் நூறு பேர்கூட இல்லை. பெயர்தான் காரணம் என்று உடன் வேலை செய்யும் நண்பர் அடித்துச் சொல்கிறார். அது நான்கெழுத்தில் ஒரு சாதாரண ஆங்கில வினைச்சொல். அந்தப் பெயரில் ஏற்கனவே வேறொருவரின் பேக்கேஜ் (நிறுவக்கூடிய மென்பொருள் தொகுப்பு) இருந்ததால், நிறுவும் பெயரில் மட்டும் ஒரு ஹைஃபன் போட்டு இன்னொரு சொல்லைச் சேர்த்திருக்கிறேன். இப்போது நிரல் எழுதத் தெரியாதவர்களுக்காக உலாவியில் இயங்கும் முகப்பு ஒன்றை எழுதிக்கொண்டிருக்கிறேன். அதை வெளியிடும் முன் பெயரை மாற்றலாமா? அல்லது பழைய பெயருக்குப் பின்னால் 2 என்று சேர்த்தால் போதுமா? மாற்றப்போய் இருப்பவர்களையும் இழந்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. பெயரை வெளியிட வேண்டாம்.

பதில்:

நீங்கள் அனுப்பிய ரெப்போவை, அதாவது நிரல் இருக்கும் இணையக் கிடங்கைப் பார்த்தேன். நிறுவி, வேண்டுமென்றே குளறுபடி செய்த ஓர் அட்டவணையைக் கொடுத்து ஓட்டியும் பார்த்தேன். நன்றாக வேலை செய்கிறது. முதலெழுத்து முன்னால் வந்தாலும் பின்னால் வந்தாலும் ஒரே ஆள்தான் என்று அது கண்டுபிடித்தது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

நேரடியாகப் பதில் சொல்லிவிடுகிறேன். பெயரை மாற்றுங்கள், இப்போதே மாற்றுங்கள். ஆனால் பயனர்கள் நூறைத் தாண்டாததற்குப் பெயர்தான் காரணம் என்று நண்பர் சொல்வதை நான் ஏற்கவில்லை. மாற்றச் சொல்வதற்கு என்னிடம் இருக்கும் காரணங்கள் வேறு.

நல்ல பெயர் பயனர்களைக் கொண்டுவந்து சேர்த்துவிடும் என்பதற்கு நம் துறையின் வரலாற்றில் ஆதாரம் குறைவு. 2005 ஏப்ரலில், நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் பிட்கீப்பர் என்ற கருவியை, லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலை எழுதும் குழு இலவசமாகப் பயன்படுத்த முடியாமல் போனபோது, ஒரே மாதத்தில் இரண்டு மாற்றுகள் பிறந்தன. ஒன்று மெர்க்குரியல். பாதரசத்தை நினைவூட்டும் அழகான பெயர், பாதரசத்தின் வேதியியல் குறியீடான இரண்டே எழுத்துகளில் கமாண்ட் (தட்டச்சு செய்யும் கட்டளை). மற்றொன்று கிட். பிரிட்டிஷ் வழக்கில் அது எரிச்சலூட்டும் ஆளைத் திட்டும் சொல். தன் திட்டங்களுக்குத் தன் பெயரையே வைத்துக்கொள்வதாகச் சொல்லி, லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் வைத்தது. வென்றது கிட். அதன் பின்னால் லினக்ஸ் கெர்னல் இருந்தது, கிட் ரெப்போக்களை இணையத்தில் வைக்கும் கிட்ஹப் தளமும் 2008-ல் வந்து சேர்ந்தது. மெர்க்குரியலுக்காகவே தொடங்கப்பட்ட பிட்பக்கெட் தளம்கூட 2020-ல் மெர்க்குரியல் ஆதரவை நிறுத்திவிட்டது. பெயர் தீர்மானிப்பதாக இருந்தால் இது தலைகீழாக நடந்திருக்க வேண்டும்.

என் சொந்த அனுபவமும் இதுதான். மென்பொருள் இயங்கும்போது எழுதிவைக்கும் லாக் கோப்புகளை அலசும் ஒரு சிறிய நூலகத்தை நான் பல ஆண்டுகள் பராமரித்தேன். பெயர் புரியவில்லை என்று இரண்டு பேர் சொன்னதும் மாற்றினேன். ஆறு மாதம் காத்திருந்தும் எதுவும் மாறவில்லை. பிறகு ரீட்மீயின் (ரெப்போவின் முகப்பில் தெரியும் அறிமுகக் குறிப்பு) தொடக்கத்தில் இருந்த மூன்று பத்தி விளக்கத்தைக் கீழே தள்ளிவிட்டு, நிறுவும் வரியையும் எட்டு வரியில் ஓர் எடுத்துக்காட்டையும் மேலே வைத்தேன். அதற்கு அப்புறம்தான் முன்பின் தெரியாதவர்கள் இஷ்யூ (பிழை, கோரிக்கை பற்றிய குறிப்பு) எழுத ஆரம்பித்தார்கள். உங்கள் ரீட்மீயும் இப்போது என் பழைய ரீட்மீயைப் போலத்தான் இருக்கிறது. ஒத்த பெயர்களைக் கண்டுபிடிக்கும் வழிமுறையின் கணிதம் முதல் திரையை முழுவதுமாக எடுத்துக்கொள்கிறது. கருவி என்ன செய்யும் என்பதைத் தெரிந்துகொள்ள நான் நான்கு முறை கீழே உருட்ட வேண்டியிருந்தது. எண்ணிக்கை கூட வேண்டும் என்றால் முதலில் கை வைக்க வேண்டிய இடம் அது.

அப்படியானால் பெயருக்கு வேலையே இல்லையா? இருக்கிறது. அது எவ்வளவு என்பது, பயன்படுத்துபவர் உங்களிடமிருந்து எவ்வளவு தூரத்தில் நிற்கிறார் என்பதைப் பொறுத்தது. உங்கள் நிலைமையில் இதைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒத்த இரண்டு கதைகள் இருக்கின்றன, ஆனால் முடிவு எதிரெதிர். நிரல்களைத் தானாகக் கட்டமைத்துச் சோதிக்கும் ஹட்சன் என்ற கருவி சன் நிறுவனத்தில் பிறந்தது. 2010-ல் சன் நிறுவனத்தை ஆரக்கிள் வாங்கியது, பெயர் தனக்கே உரியது என்றது. 2011 தொடக்கத்தில் அதை எழுதியவரும் சமூகத்தில் பெரும்பாலோரும் ஜென்கின்ஸ் என்ற புதிய பெயருக்கு நகர்ந்தார்கள். பழகிய பெயர் ஆரக்கிளிடம், ஆட்கள் ஜென்கின்ஸிடம். ஹட்சன் பிறகு எக்லிப்ஸ் அறக்கட்டளைக்குப் போய் மெல்ல மறைந்தது. ஜென்கின்ஸ் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது.

கிட்டத்தட்ட அதே நேரத்தில், 2010 செப்டம்பரில், கடிதம், கணக்கு போன்ற அலுவலக வேலைகளுக்கான இலவச மென்பொருள் ஓபன் ஆபீஸின் டெவலப்பர்கள் பலர் பிரிந்து போய் லிப்ரே ஆபீஸைத் தொடங்கினார்கள். அங்கும் பழைய பெயர் ஆரக்கிளிடம் இருந்து, 2011-ல் அப்பாச்சி அறக்கட்டளைக்குப் போனது. புதிய வசதிகள் எல்லாம் லிப்ரே ஆபீஸில்தான் வந்தன. ஓபன் ஆபீஸோ 2014-ல் 4.1 வந்ததற்குப் பிறகு சிறு திருத்தங்களோடு நிற்கிறது. ஆனாலும் அதை இறக்குபவர்கள் குறையவில்லை. 2020 அக்டோபரில் லிப்ரே ஆபீஸ் தரப்பினர் ஓபன் ஆபீஸ் குழுவுக்கு ஒரு பகிரங்கக் கடிதமே எழுத வேண்டி வந்தது. இங்கே இன்னொன்று இருக்கிறது என்று உங்கள் பயனர்களிடம் சொல்லுங்கள் என்பது அவர்களின் கோரிக்கை.

ஏன் இந்த வித்தியாசம்? ஹட்சனைப் பயன்படுத்தியவர்கள் நிரலாளர்கள். யார் எழுதுகிறார்கள், எந்த ரெப்போவில் மாற்றங்கள் வருகின்றன என்பது அவர்களுக்குத் தெரியும். பெயர்ப்பலகையை மாற்றினாலும் அவர்கள் ஆளைப் பார்த்து வந்துவிடுவார்கள். ஒரு கடிதம் தட்டச்சு செய்ய இலவச மென்பொருள் தேடுபவருக்கு அதற்குப் பின்னால் இருக்கும் ஒருவரையும் தெரியாது. எப்போதோ காதில் விழுந்த பெயர் ஒன்றுதான் அவர் கையில் இருக்கிறது. அதைத் தேடுவார், கிடைப்பதை நிறுவுவார். எழுதியவரிடமிருந்து பயனர் விலகி நிற்க நிற்கப் பெயரின் எடை கூடுகிறது.

இதுவரை உங்கள் பயனர்கள் நிரலாளர்கள். இனி உலாவி முகப்பு வழியாக, பைதான் என்றால் என்னவென்றே தெரியாதவர்களிடம் போகப்போகிறீர்கள். உங்கள் பெயருக்கு இதுவரை இல்லாத ஒரு சுமை அன்றைக்கு ஏறும். இப்போதே மாற்றச் சொல்வதற்கு இது முதல் காரணம்.

இரண்டாவது காரணம் தேடல். நீங்கள் வைத்திருக்கும் சொல்லைத் தேடுபொறியில் போட்டால் முதல் பல பக்கங்களுக்கு அகராதியும் விளம்பரமும்தான் வருகின்றன. கூகுளின் கோ என்ற நிரல்மொழிக்கும் இதே சிக்கல் இருந்தது. மொழியின் பெயர் இரண்டே எழுத்துள்ள சாதாரண வினைச்சொல் என்பதால் தேடுவது கடினம், அதன் தளமுகவரியில் இருந்த கோலாங் என்பதையே பலர் எழுதிப் பழகினார்கள். ஆனால் அந்தப் பழக்கத்தை உலகம் முழுவதும் பரப்ப கோ மொழிக்குப் பெரிய கூட்டம் இருந்தது. உங்களிடம் இருப்பது நூறு பேர். அவர்களில் ஒருவர் சாப்பாட்டு மேசையில் உங்கள் கருவியைப் பற்றி வாய்வார்த்தையாகச் சொன்னால், கேட்டவர் இடத்துக்குப் போய்த் தேடுவார், கிடைக்காது, விட்டுவிடுவார். அந்த இழப்பு எந்தக் கணக்கிலும் தெரியாது என்பதுதான் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

மூன்றாவது, இதைத்தான் நான் தீவிரமாகப் பார்க்கிறேன்: நிறுவும் பெயர் ஒன்று, இம்போர்ட் செய்யும் (நிரலுக்குள் நூலகத்தை அழைக்கும்) பெயர் வேறொன்று. பெரிய திட்டங்களே இதில் அவதிப்பட்டிருக்கின்றன. இயந்திரக் கற்றலுக்கான சைக்கிட்-லேர்ன் நூலகத்தை இம்போர்ட் செய்யும்போது எஸ்கேலேர்ன் என்று எழுத வேண்டும். அந்தப் பெயரிலேயே நிறுவப் பார்த்தவர்கள் ஏராளம். அவர்களுக்காக அந்தப் பெயரிலும் ஒரு வெற்றுப் பேக்கேஜை வைத்திருந்து, பிறகு அது வேண்டாம் என்று எச்சரித்து நிறுத்த வேண்டியிருந்தது. உங்கள் விஷயத்தில் நிலைமை இன்னும் மோசம். ஹைஃபனை மறந்து நிறுவுபவருக்கு முன்பின் தெரியாத வேறொருவரின் பேக்கேஜ் இறங்கும்.

எந்தத் திறந்த மூல நூலகத்தைச் சேர்க்கலாம், எதைச் சேர்க்கக் கூடாது என்று முடிவெடுக்கும் ஒரு குழுவில் ஏழு ஆண்டுகள் இருந்தேன். உரிமம் என்ன, கடைசி வெளியீடு எப்போது, இஷ்யூவுக்குப் பதில் வருகிறதா, பராமரிப்பவர் ஒருவரா பலரா, வேறு எவற்றையெல்லாம் சார்ந்திருக்கிறது என்றுதான் பார்ப்போம். பெயரால் ஒரு நூலகத்தைத் தள்ளியது என் நினைவில் இரண்டே முறை. ஒருமுறை அந்தப் பெயரை வாடிக்கையாளர் முன் வாய்விட்டுச் சொல்லவே முடியவில்லை. இன்னொரு முறை, பெயர் வேறொரு பேக்கேஜின் பெயரோடு மிகவும் ஒத்திருந்தது. எழுத்துப்பிழையாகத் தட்டுபவர்களைக் குறிவைத்து, ஒத்த பெயரில் தீங்கான நிரலை ஏற்றி வைக்கும் மோசடி பேக்கேஜ் கிடங்குகளில் அடிக்கடி நடக்கிறது. அதனால் எங்கள் பாதுகாப்புக் குழு ஒத்த பெயர் என்றாலே மறுத்துவிடும். அதை எழுதியவர் நேர்மையானவர்தான், உங்களைப் போலவே. ஆனால் அந்த முடிவு அவர் காதுக்குப் போயிருக்கவே வாய்ப்பில்லை.

வாய்விட்டுச் சொல்ல முடியாத பெயர் என்றதும் கிம்ப் நினைவுக்கு வருகிறது. பெயர் பற்றிய எந்தப் பேச்சிலும் அதைத் தாண்டிப் போக முடியாது. ஸ்பென்சர் கிம்பலும் பீட்டர் மாட்டிஸும் 1995-ல் பெர்க்லியில் மாணவர்களாக இருந்தபோது தொடங்கிய பட மென்பொருள். நீண்ட பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்தது அது. ஆனால் ஆங்கிலத்தில் அந்தச் சொல் கால் ஊனமுற்றவரை இழிவாகச் சொல்வது. இந்தப் பெயரோடு பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் பரிந்துரைக்க முடியவில்லை என்று சொல்லி 2019-ல் சிலர் கிளிம்ப்ஸ் என்ற பெயரில் ஃபோர்க் செய்தார்கள், அதாவது அதன் நிரலைப் பிரதியெடுத்துத் தனித் திட்டமாக்கினார்கள். 2021-ல் அந்த முயற்சி நின்றுபோனது. இவ்வளவு பெரிய மென்பொருளைத் தொடர்ந்து பராமரிக்கப் போதிய கைகள் வேண்டும், அந்தக் கைகளைப் பெயர் கூட்டிவரவில்லை. படத்தொழிலில் இருப்பவர்கள் கிம்பைத் தயக்கத்தோடு பார்த்ததற்கும் பெயரைவிடப் பெரிய காரணங்கள் இருந்தன. மூலப் படத்தைக் கெடுக்காமல் விளைவுகளைச் சேர்த்து, வேண்டும்போது திரும்பி வந்து மாற்றும் வசதி 2025 மார்ச்சில் வந்த 3.0 பதிப்பில்தான் சேர்ந்தது.

அதே கிம்பலும் மாட்டிஸும் 2015-ல் சேர்ந்து தொடங்கிய நிறுவனத்தின் தரவுத்தளத்துக்குப் பெயர் காக்ரோச் டிபி. கரப்பான்பூச்சி! திறந்த மூலமாகத் தொடங்கிய அது, முகம் சுளிக்க வைக்கும் பெயரோடே நெட்ஃபிளிக்ஸ் போன்ற நிறுவனங்களுக்குள் போய்விட்டது. நான் இதை இப்படிப் புரிந்துகொள்கிறேன். கரப்பான் அருவருப்பாக இருக்கலாம், ஆனால் யாரையும் இழிவுபடுத்தவில்லை. சில கணினிகள் செயலிழந்தாலும் சாகாது என்ற அந்தத் தரவுத்தளத்தின் முக்கியக் குணத்தையும் சொல்லிவிடுகிறது. கிம்ப் ஒரு மனிதரின் உடற்குறையைச் சுட்டுகிறது, மென்பொருளைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. அருவருப்பைப் பழகிக்கொள்ளலாம். அவமதிப்பைப் பழகச் சொல்லி யாரையும் கேட்கக் கூடாது என்பது என் கருத்து. கணிதச் சான்றுகளைச் சரிபார்க்கும் பிரெஞ்சுக் கருவி ஒன்றுக்குச் சேவல் என்று பொருள்படும் காக் என்ற பெயர் பல ஆண்டுகளாக இருந்தது. ஆங்கிலக் காதில் அது ஆபாசமாக விழும். அதை வைத்துப் பெண் ஆய்வாளர்கள் கேலிக்கு ஆளானதும் சேர்ந்து, ராக் என்று பெயரை மாற்றினார்கள். புதிய பெயரில் முதல் வெளியீடு 2025-ல் வந்தது. நன்றாக வேரூன்றிய திட்டம், அப்படியும் மாற்றினார்கள். அந்த முடிவை நான் மதிக்கிறேன். உங்கள் பெயரில் இந்தக் கோளாறு இல்லை. புதுப் பெயரை முடிவு செய்யும் முன் வேறு மொழிகள் பேசும் நான்கைந்து பேரிடம் சொல்லிக் காட்டுங்கள்.

2 சேர்ப்பது பற்றிக் கேட்டீர்கள். தயவுசெய்து வேண்டாம். 2000-ல் அறிவிக்கப்பட்ட பெர்ல் 6 என்ற நிரல்மொழி, 2015 இறுதியில் வெளிவந்தபோது கிட்டத்தட்ட வேறொரு மொழியாகவே இருந்தது. ஆனால் அந்த எண்ணைப் பார்த்தவர்கள், பெர்ல் 5 காலாவதியாகப் போகிறது என்று நினைத்தார்கள். பெர்ல் 5-ஐ நம்பியிருந்தவர்களுக்கும் நஷ்டம், புதிய மொழிக்கும் நஷ்டம். 2019 அக்டோபரில் ராகு என்று பெயர் மாற்றிய பிறகுதான் இரண்டும் தனித்தனியே மூச்சுவிட முடிந்தது. உங்கள் உலாவி முகப்பு நூலகத்துக்கு மாற்றாக வருவதில்லை, அதன் மேல் உட்காரப்போகிறது. 2 என்று போட்டால் பழைய நூலகம் இனி கிடையாது என்றுதான் படிப்பார்கள்.

சரி, எப்படிப்பட்ட பெயர்? ஒரே ஒரு தவறை மட்டும் தவிர்க்கச் சொல்வேன்: இன்றைக்குச் செய்யும் வேலையையே பெயராக்கிவிடாதீர்கள். இணையத்திலிருந்து கோப்புகளை எடுக்கும் கர்ல் என்ற கருவி முதலில் எச்டிடிபி-கெட் என்றிருந்தது. வேறு நெறிமுறைகளும் சேர்ந்ததும் யூஆர்எல்-கெட் ஆனது. கோப்புகளை அனுப்பவும் தெரிந்ததும் அதுவும் பொருந்தாமல், 1998-ல் கர்ல் ஆனது. நிரலையும் விளைவையும் ஒரே பக்கத்தில் காட்டும் ஐபைதான் நோட்புக் பல நிரல்மொழிகளுக்கும் பொதுவானபோது ஜூபிட்டர் ஆக வேண்டியிருந்தது. பைதான் என்பதையோ சிஎஸ்வி (ஓர் அட்டவணைக் கோப்பு வடிவம்) என்பதையோ உங்கள் பெயருக்குள் வைத்தால் அடுத்த ஆண்டே இடிக்கும். என்ன செய்யும் கருவி என்பதைச் சொல்ல, பெயருக்குக் கீழே ஒரு வரி போதும்.

இன்னொரு சோதனையை நான் தமிழில் செய்கிறேன். நினைத்த பெயரைத் தமிழ் எழுத்தில் எழுதிப் பாருங்கள். ஆங்கிலத்தில் எழுதும்போது ஒலிப்பைத் தள்ளிப்போடலாம். தமிழில் எழுதினால் எப்படிச் சொல்வது என்று முடிவெடுத்தே ஆக வேண்டும். அந்த இடத்தில் பேனா நின்றால், கேட்பவரும் அங்கேதான் தடுமாறுவார். போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்று எழுதிப் பாருங்கள், நான் சொல்வது புரியும். சிறந்த தரவுத்தளம், அதைச் சொல்லத் தெரியாமல் பலர் போஸ்ட்கிரெஸ் என்று நிறுத்திக்கொள்கிறார்கள், திட்டக் குழுவும் அதை ஏற்றுக்கொண்டுவிட்டது.

வணிகமுத்திரையைச் சரிபார்ப்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஃபயர்ஃபாக்ஸ் 2002-ல் ஃபீனிக்ஸ் என்று தொடங்கியது, வணிகமுத்திரைச் சிக்கலில் அதை விட்டு ஃபயர்பேர்ட் என்று வைத்தார்கள். அந்தப் பெயரில் ஏற்கனவே ஒரு திறந்த மூலத் தரவுத்தளம் இருந்தது, அவர்கள் கோபப்பட்டார்கள். 2004 பிப்ரவரியில்தான் இன்றைய பெயர் வந்தது. அதே ஆண்டு நவம்பரில் 1.0 வெளியானது. இரண்டு முறை மாறியும் ஒன்றும் கெடவில்லை, ஏனென்றால் பெருங்கூட்டம் வருவதற்கு முன்பே மாறிவிட்டார்கள். நூறு பேர் இருக்கும்போது மாற்றுவதும் பத்தாயிரம் பேர் வந்த பிறகு மாற்றுவதும் ஒன்றல்ல.

இருப்பவர்களை இழப்போமோ என்ற உங்கள் பயத்துக்கு வருகிறேன். ஒழுங்காகச் செய்தால் ஒருவரைக்கூட இழக்க மாட்டீர்கள். பைதான் பேக்கேஜ்களின் பொதுக் கிடங்கான பைபிஐயில் பேக்கேஜின் பெயரை மாற்றும் வசதி கிடையாது, புதிதாகத்தான் ஏற்ற வேண்டும். ஆகவே நிறுவும் பெயர், இம்போர்ட் பெயர், ரெப்போ, கமாண்ட் நான்கும் ஒன்றாக இருக்கும் பெயரில் முதலில் ஏற்றுங்கள். பிறகு பழைய பேக்கேஜுக்குக் கடைசியாக ஒரு வெளியீடு கொடுங்கள். அதில் நூலகத்தின் நிரல் வேண்டாம், புதியதற்கு வழிகாட்டும் சில வரிகள் போதும். புதிய பேக்கேஜைச் சார்ந்திருக்கட்டும், பழைய பெயரில் இம்போர்ட் செய்தால் வேலையும் செய்யட்டும், பெயர் மாறிவிட்டது என்று ஓர் எச்சரிக்கையும் காட்டட்டும். பில் என்ற பழைய பட நூலகம் 2009-க்குப் பிறகு நின்றுபோனபோது, அதை ஃபோர்க் செய்த பில்லோ, பில் என்ற இம்போர்ட் பெயரையே வைத்துக்கொண்டது. அதனால் பலரும் பெரிய சிரமமின்றி அதற்கு மாறினார்கள்.

கிட்ஹப்பில் ரெப்போவின் பெயரை மாற்றினால் பழைய சுட்டிகள் தானாகவே புதியதற்குப் போகும். பழைய பெயரில் நீங்களே இன்னொரு ரெப்போ தொடங்கினால் அந்த வழி அறுந்துவிடும், கவனம். பைபிஐயில் பழைய பேக்கேஜை எக்காரணம் கொண்டும் அழிக்காதீர்கள். அழித்தால் அந்தப் பெயரை வேறு யாரும் எடுத்துக்கொள்ளலாம், உங்களை நம்பி நிறுவியவர்களின் கணினியில் யாருடையதோ போய் உட்காரும். முன்பு இன்ன பெயரில் இருந்தது என்ற ஒரு வரி ரீட்மீயில் இரண்டு ஆண்டாவது இருக்கட்டும், பழைய பெயரைத் தேடி வருபவர் அதைப் பிடித்துக்கொண்டு வருவார்.

இவற்றையெல்லாம் முகப்பு வெளியீட்டுக்கு ஒரு மாதம் முன்பே முடித்துவிடுங்கள். முகப்பைப் பற்றிப் பேச வருபவர்கள் முதல் நாளிலிருந்தே புதிய பெயரைத்தான் கேட்க வேண்டும். பெயர் கிடைக்காமல் திண்டாடினால் அதற்காக ரீட்மீயைத் தள்ளிப்போடாதீர்கள், அதை இந்த வாரமே மாற்றலாம். மாற்றியதும் எனக்கு எழுதுங்கள். உங்கள் கருவியைப் பார்த்தே இராத ஒருவரிடம் சுட்டியை மட்டும் கொடுத்து, எந்த இடத்தில் நின்று யோசிக்கிறார் என்று பார்த்துச் சொல்கிறேன்.